அணைத்த பிறகும் கொதிக்கும் அணு உலை: தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதுமா?

தோசை ஊற்றும் முன் கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க என்ன செய்வோம்? கையில் கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தெளிப்போம். ‘சொய்ங்’ என்று சத்தம் வந்து தண்ணீர் உடனே மறைந்துவிட்டால் கல் சரியான சூட்டில் இருக்கிறது. சில நேரம் அடுப்பைப் பெரிதாக வைத்துவிட்டு மறந்துவிடுவோம். அப்போது தெளித்துப் பாருங்கள். தண்ணீர் உடனே மறையாது. குட்டிக் குட்டி முத்துகளாகத் திரண்டு, கல் மேல் அங்குமிங்கும் ஓடும். “கல்லு ரொம்ப காஞ்சு போச்சு, அடுப்பைக் கொஞ்சம் தணிச்சு வை” என்று அம்மா சொல்வார்.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம்தான். சூடு கூடினால் தண்ணீர் இன்னும் சீக்கிரம் ஆவியாக வேண்டாமா? ஆனால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறதே! காரணம் இதுதான்: கல் மிக அதிகமாகக் காய்ந்திருந்தால், துளியின் அடிப்பாகம் தொட்ட மாத்திரத்தில் ஆவியாகி ஒரு மெத்தை போல விரிந்துவிடும். மீதித் தண்ணீர் அந்த மெத்தை மேல் மிதக்கும். கல்லைத் தொடவே தொடாது. தொடாவிட்டால் சூட்டை எப்படி வாங்கும்? ஜெர்மனியைச் சேர்ந்த லைடன்ஃப்ராஸ்ட் என்ற மருத்துவர் 1756-லேயே இதை எழுதிவைத்தார். அவர் பயன்படுத்தியது தோசைக்கல் அல்ல, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டி.

அணு உலை விபத்துகளைப் புரிந்துகொள்ள இந்தச் சின்ன விஷயம் ஒரு நல்ல ஆரம்பம். “உலை சூடாகிவிட்டதா? தண்ணியை ஊத்தினா சரியாப் போச்சு” என்று பலரும் நினைக்கிறோம். தண்ணீர்தான் மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் மருந்து நோய் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவும் சரியான நேரத்தில் சேர வேண்டும். கூடங்குளமும் கல்பாக்கமும் உள்ள மாநிலத்தில் வாழும் நாம் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அணைத்தாலும் அணையாத சூடு

“ஏதாவது பிரச்சினைன்னா உலையை ஆஃப் பண்ணிட வேண்டியதுதானே?” இது நியாயமான கேள்வி. ஆஃப் செய்ய முடியும். நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கழிகள் சில விநாடிகளில் உள்ளே இறங்கிவிடும். யுரேனியம் அணுக்கள் தொடர்ச்சியாகப் பிளவது அத்துடன் நின்றுவிடும்.

ஆனால் சூடு நிற்காது. ஏற்கெனவே பிளந்த அணுக்களின் துண்டுகள் நிலையில்லாதவை. அவை கதிர்வீச்சை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கதிர்வீச்சு எரிபொருளுக்குள்ளேயே வெப்பமாக மாறும். இதைத் தமிழில் ‘சிதைவு வெப்பம்’ என்கிறோம். விறகை வெளியே இழுத்த பிறகும் அடுப்பில் தணல் கனன்றுகொண்டிருப்பது போல என்று சொல்லலாம். ஒரே ஒரு வித்தியாசம்: தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடலாம். சிதைவு வெப்பத்தை எதை ஊற்றியும் அணைக்க முடியாது. வருகிற சூட்டை வெளியே கொண்டுபோக மட்டுமே முடியும்.

எவ்வளவு சூடு? கூடங்குளத்தின் 1000 மெகாவாட் அலகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1000 மெகாவாட் என்பது மின்சாரக் கணக்கு. அதற்காக உலைக்குள் உண்டாகும் வெப்பம் சுமார் 3000 மெகாவாட். இந்த அளவுள்ள உலையை நிறுத்தினால், தோராயமாக:

• நிறுத்திய உடனே: சுமார் 200 மெகாவாட்
• ஒரு மணி நேரம் கழித்து: சுமார் 40 மெகாவாட்
• ஒரு நாள் கழித்து: சுமார் 15 மெகாவாட்

ஒரு நாள் கழித்து இருக்கும் அந்த 15 மெகாவாட்டையே பாருங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி மட்டுமே இந்தச் சூட்டைப் போக்குவது என்றால், மணிக்கு 20 டன்னுக்கு மேல் தண்ணீர் வேண்டும். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில், மணிக்கு ஏறக்குறைய இரண்டு லாரி. இரவு பகலாக, நிற்காமல்.

ஆக, உலையை நிறுத்துவது வேலையின் தொடக்கம்தான். அதன் பிறகு நாள்கணக்கில், மாதக்கணக்கில் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கொதிப்பதிலும் நல்ல கொதிப்பு, கெட்ட கொதிப்பு உண்டு

சூட்டைக் கொண்டுபோவதில் கொதிநிலைக்கு நிகரான உத்தி குறைவு. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது அது அள்ளிக்கொண்டு போகும் வெப்பம், அதே தண்ணீர் சாதாரண அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்கு வருவதற்கு எடுத்துக்கொண்ட வெப்பத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

ஜப்பான் அறிவியலாளர் ஷிரோ நுகியாமா 1934-ல் ஒரு எளிய சோதனை செய்தார். தண்ணீருக்குள் மெல்லிய உலோகக் கம்பி ஒன்றை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். மின்சாரத்தைக் கூட்டக் கூட்டக் கம்பியின் மேல் கொதிப்பு எப்படி மாறுகிறது என்று அளந்தார். அவர் கண்டதை மூன்று கட்டங்களாகப் புரிந்துகொள்ளலாம்.

முதல் கட்டம்: கம்பியில் சின்னச் சின்னக் குமிழ்கள் தோன்றி, பிரிந்து, மேலே போகும். குமிழ் விட்ட இடத்தைப் புதுத் தண்ணீர் நிரப்பும். இதுதான் நல்ல கொதிப்பு. கம்பியின் வெப்பநிலை கொஞ்சம்தான் கூடும், ஆனால் வெளியேறும் சூடு மிக அதிகம்.

இரண்டாம் கட்டம்: சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு உச்சவரம்பு வரும். குமிழ்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து, தண்ணீர் உள்ளே வரவே வழி இல்லாமல் போகும். சாதாரணக் காற்றழுத்தத்தில் இந்த வரம்பு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 லட்சம் வாட். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 500 எண்ணிக்கையை ஒன்றாக எரியவிட்டது போல.

மூன்றாம் கட்டம்: வரம்பைத் தாண்டியதும் கம்பி முழுவதையும் ஆவிப்படலம் போர்த்திக்கொள்ளும். தோசைக்கல்லில் பார்த்த அதே மெத்தை. தண்ணீர் சுற்றிலும் இருக்கும், ஆனால் தொடாது. கம்பியின் வெப்பநிலை திடீரென்று நூற்றுக்கணக்கான டிகிரி எகிறும். பல சமயம் கம்பியே உருகி அறுந்துவிடும்.

உலை வடிவமைப்பாளர்கள் எப்போதும் இந்த வரம்புக்கு நன்றாகக் கீழேயே உலையை இயக்குவார்கள். அது சாதாரண நாளின் கதை. அசாதாரண நாளில் என்ன நடக்கும்?

தண்ணீர் வற்றினால்...

குளிர்விக்கும் தண்ணீர் உலைக்குள் வந்துசேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து வற்றும். நீர்மட்டம் இறங்கும். எரிபொருள் கழிகளின் தலை வெளியே தெரியும். ஆவிக்குக் குளிர்விக்கும் சக்தி குறைவு என்பதால் வெளியே தெரியும் பகுதி வேகமாகச் சூடேறும்.

எரிபொருளைச் சுற்றியுள்ள உறை ஜிர்கோனியம் கலந்த உலோகத்தால் ஆனது. சுமார் 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இந்த உலோகம் நீராவியோடு வேகமாக வினைபுரியும். அந்த வினையிலேயே இன்னும் வெப்பம் வரும். கூடவே ஹைட்ரஜன் வாயுவும் வரும். எரியும் வீட்டில் இன்னொரு அடுப்பைப் பற்றவைத்த கதைதான். யுரேனியம் ஆக்சைடு எரிபொருள் உருகுவது சுமார் 2800 டிகிரியில். ஆனால் மற்ற உலோகங்கள் அதற்கு முன்பே உருகி, கலந்து, எரிபொருளையும் கரைத்துக்கொண்டு கீழே வழியும்.

கடைசியில் மிஞ்சுவது ஒழுங்கான கழிகள் அல்ல. உருகிய குழம்பு, உறைந்த மேலோடு, உடைந்த துண்டுகள், சரளைக்கல் போன்ற குவியல் எல்லாம் கலந்த இடிபாடு. இதற்குள்ளும் சிதைவு வெப்பம் வந்துகொண்டே இருக்கும். இனிமேல் தண்ணீர் கிடைத்தாலும், அதை இந்தக் குவியலுக்குள் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் பெரிய கேள்வி.

ஒரே வாசல் பஸ்

காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வாசல்தான் திறந்திருக்கிறது. உள்ளே இருந்து இறங்குகிறவர்கள் முண்டியடிக்கிறார்கள். வெளியே ஏறுகிறவர்கள் முண்டியடிக்கிறார்கள். “இறங்க விட்டு ஏறுங்கப்பா!” என்று கண்டக்டர் கத்துகிறார். இறங்கும் கூட்டம் அதிகமானால் ஒருவர்கூட ஏற முடியாது.

இடிபாட்டுக் குவியலிலும் இதேதான் நடக்கிறது. மேலிருந்து தண்ணீர் துளைகள் வழியே கீழே இறங்கப் பார்க்கும். உள்ளே உண்டான நீராவி அதே துளைகள் வழியே மேலே வரப் பார்க்கும். குவியலின் வெப்பம் கூடினால் நீராவியின் வேகமும் கூடும். ஒரு கட்டத்தில் ஆவி தண்ணீரைத் தடுத்து நிறுத்திவிடும். குவியலின் மேல் குளம் போல் தண்ணீர் நின்றாலும், உள்ளே ஒரு பகுதி வறண்டுபோகும். வறண்ட பகுதி மீண்டும் சூடேறி மறுபடி உருக ஆரம்பிக்கலாம்.

எந்தக் குவியல் சுலபமாகக் குளிரும் என்பதைச் சில விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

துண்டுகளின் அளவு: ஜல்லிக் குவியலில் தண்ணீர் ஊற்றினால் சர்ரென்று இறங்கும். ரவை போல நுணுங்கிய மணலில் ஊற்றினால் தேங்கி நிற்கும். எரிபொருள் துண்டுகளும் அப்படித்தான். மிகவும் நுண்ணிய துகள்கள் என்றால் துளைகள் சிறியவை, ஆவி வெளியேறுவது கஷ்டம்.

குவியலின் உயரம்: உயரம் கூடக் கூட, அடியிலிருந்து வரும் ஆவியெல்லாம் சேர்ந்து உச்சியில் நெரிசல் அதிகமாகும். பரந்து தாழ்வாக இருந்தால் நல்லது.

பக்கவாட்டு வழி: கூம்பு வடிவில் குவிந்திருந்தால் தண்ணீர் பக்கங்களிலிருந்தும் உள்ளே நுழையும். ஆனால் அதே கூம்பு உயரமாக இருந்தால், கிடைத்த லாபம் உயரத்திலேயே போய்விடும்.

அடியிலிருந்து தண்ணீர்: இதுதான் முக்கியம். பஸ்ஸில் பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்கினால் நெரிசல் இருக்காது இல்லையா? தண்ணீர் அடியிலிருந்து ஏறி, ஆவியும் அதே திசையில் மேலே போனால் மோதலே இல்லை. அப்போது பல மடங்கு எளிதாகக் குளிர்விக்கலாம்.

இவையெல்லாம் வெறும் ஊகங்கள் அல்ல. ஸ்வீடன், பின்லாந்து போன்ற நாடுகளின் ஆய்வகங்களில் உண்மையான எரிபொருளுக்குப் பதிலாகச் சிறு கற்கள், பீங்கான் மணிகள் போன்றவற்றைக் குவித்து, அவற்றுக்குள் மின்சாரத்தால் சூடேற்றி, எந்த அளவு வெப்பத்தில் குவியல் வறண்டுபோகிறது என்று வருடக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். ஸ்வீடனின் சில உலைகளில், விபத்து நேர்ந்தால் உலைப் பாத்திரத்துக்குக் கீழே உள்ள அறையை முன்கூட்டியே ஆழமாகத் தண்ணீரால் நிரப்புவதே திட்டம். விழும் குழம்பு தண்ணீரில் சிதறித் துண்டுகளாகும், அந்தத் துண்டுகள் குளிரும் என்பது கணக்கு.

அதிலும் ஓர் ஆபத்து இல்லாமல் இல்லை. காய்ந்த எண்ணெய்ச் சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் எப்படி வெடித்துத் தெறிக்கிறது? உருகிய குழம்பும் தண்ணீரும் ஒரே கணத்தில் கலந்தால் அதே மாதிரி, ஆனால் மிகப் பெரிய அளவில், நீராவி வெடிப்பு ஏற்படலாம். அதனால்தான் “தண்ணியை எப்போ, எங்கே, எவ்வளவு வேகமா ஊத்தணும்” என்பதை விபத்து நடந்த பிறகு யோசிக்க முடியாது. முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும்.

மூன்று விபத்துகள் சொன்ன பாடம்

த்ரீ மைல் ஐலண்ட், அமெரிக்கா, 1979

பென்சில்வேனியா மாநிலத்தில் 1979 மார்ச் 28 அதிகாலை நான்கு மணி. உலையின் இரண்டாம் சுற்றில் தண்ணீர் பம்புகள் நின்றன. உலை தானாகவே நின்றது. அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு திறந்தது. அது மறுபடி மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. கட்டுப்பாட்டு அறை விளக்கோ, வால்வுக்கு ‘மூடு’ என்ற கட்டளை போனதை மட்டும் காட்டியது. உண்மையில் மூடியதா என்று காட்டவில்லை. உலைத் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று தவறாக நினைத்த பணியாளர்கள், தானாக ஓட ஆரம்பித்த அவசரத் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள்.

அந்த வால்வு வழியை அடைத்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது. சுமார் 20 டன் குழம்பு உலைப் பாத்திரத்தின் அடிப்பகுதிக்கு வழிந்தது. அந்த எஃகு அடிப்பகுதியில் ஓர் இடம் சுமார் 1100 டிகிரி வரை சூடேறி, அரை மணி நேரம் போல அப்படியே இருந்தது. ஆனால் ஓட்டை விழவில்லை. அடியில் அப்போது தண்ணீர் இருந்தது. உறைந்த மேலோட்டின் விரிசல்கள் வழியாகவும், மேலோட்டுக்கும் எஃகுச் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாகவும் தண்ணீர் புகுந்து குளிர்வித்தது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

இதில் இன்னொரு விஷயம்: உள்ளே இவ்வளவு நடந்திருக்கிறது என்பதே உடனே யாருக்கும் தெரியாது. 1982-ல் உலைக்குள் கேமரா இறக்கிப் பார்த்தபோதுதான், எரிபொருள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் இருப்பதைக் கண்டார்கள்.

செர்னோபில், அன்றைய சோவியத் யூனியன், 1986

இங்கே உலையே வெடித்துச் சிதறியது. கீழே உருகிய எரிபொருள், மணல், கான்கிரீட் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு எரிமலைக் குழம்பு போல அடித்தள அறைகளுக்குள் ஓடியது. கீழே இருந்த தொட்டித் தண்ணீரோடு அது கலந்தால் வெடிக்குமோ என்ற பயத்தில், மூன்று பணியாளர்கள் இருட்டில் நீரில் நடந்துபோய் வால்வுகளைத் திறந்து தொட்டியைக் காலி செய்ய வழி செய்தார்கள். கடைசியில் குழம்பு பல அறைகளில் பரவி, மெல்லிசாகி, மற்றப் பொருள்களோடு கலந்து நீர்த்துப்போய், தானே உறைந்தது. பரவினால் குளிரும் என்ற பாடத்தை உலகம் இவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்றது.

ஃபுகுஷிமா, ஜப்பான், 2011

மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது உலைகள் சரியாகவே நின்றன. பிறகு வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. மின்சாரம் இல்லை, பம்ப் இல்லை. மூன்று உலைகள் உருகின. தீயணைப்பு வண்டிகளைக் கொண்டுவந்து தண்ணீர் செலுத்தினார்கள். நல்ல தண்ணீர் தீர்ந்ததும் கடல் தண்ணீரைச் செலுத்தினார்கள்.

அப்போதுதான் நடைமுறைச் சிக்கல்கள் தெரிந்தன. உலைக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும்போது தீயணைப்பு வண்டியின் பம்பால் தண்ணீரைத் தள்ள முடியாது. அழுத்தத்தைக் குறைக்க வால்வைத் திறக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். ஊழியர்கள் கார்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி வந்து இணைத்தார்கள். அனுப்பிய தண்ணீரிலும் ஒரு பகுதி வேறு குழாய்கள் வழியே போய்விட்டது என்று பின்னால் தெரிந்தது. கூடவே ஹைட்ரஜன் வெடிப்புகள்.

அந்த மூன்று உலைகளிலும் சேர்த்துச் சுமார் 880 டன் இடிபாடு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 2024 நவம்பரில் இரண்டாம் உலையிலிருந்து முதல்முறையாக மாதிரி எடுத்தார்கள். எவ்வளவு தெரியுமா? ஒரு கிராம்கூட இல்லை, சுமார் 0.7 கிராம். விபத்து நடந்து 13 வருடங்களுக்குப் பிறகு!

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். த்ரீ மைல் ஐலண்டிலும் ஃபுகுஷிமாவிலும் தண்ணீரே இல்லாமல் போனது பிரச்சினை அல்ல. ஃபுகுஷிமாவுக்குப் பக்கத்தில் ஒரு கடலே இருந்தது. சரியான நேரத்தில், சரியான இடத்தைத் தண்ணீர் தொடவில்லை என்பதுதான் பிரச்சினை.

நம் மாநில உலைகளில் என்ன ஏற்பாடு?

கூடங்குளத்தின் 1, 2 அலகுகளில் உலைப் பாத்திரத்துக்கு நேர்கீழே ‘கோர் கேட்சர்’ என்ற அமைப்பு உண்டு. பெயருக்கு ஏற்றபடி, மோசமான நிலைமையில் உருகிய குழம்பு கீழே வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும் பெரிய பாத்திரம். உள்ளே ‘தியாகப் பொருள்’ என்று சொல்லத்தக்க கலவை நிரப்பப்பட்டிருக்கும். குழம்பு அதை உருக்கிக் கரைக்கும்போது தன் சூட்டை இழந்து நீர்த்துப்போகும். பாத்திரத்தைத் தண்ணீர் சூழ்ந்து சூட்டை வாங்கிக்கொள்ளும். செர்னோபிலில் தற்செயலாக நடந்ததை, இங்கே முன்கூட்டியே திட்டமிட்டு ஒரே இடத்துக்குள் நடத்துவதற்கான ஏற்பாடு என்று புரிந்துகொள்ளலாம்.

நிலைமை அதுவரை போகாமல் தடுக்கவும் ஒரு வசதி உண்டு. மின்சாரம் முழுக்கப் போனாலும், பம்ப் இல்லாமல், காற்றின் இயல்பான ஓட்டத்தின் மூலமே சிதைவு வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு அது.

கல்பாக்கத்தில் உள்ள 220 மெகாவாட் அலகுகள் கனநீர் வகை. அவை இயங்கும்போது எரிபொருள் குழாய்களைச் சுற்றி ஒரு பெரிய தொட்டியில் கனநீர் இருக்கும்.  2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கத்தின் கடல்நீர் பம்ப் ஹவுஸில் தண்ணீர் புகுந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு, இந்திய உலைகளில் வெளியிலிருந்து தீயணைப்பு வண்டி போன்றவற்றின் மூலம் தண்ணீர் செலுத்துவதற்கான குழாய் இணைப்புகள் ஏற்படுத்தப்பட்டன. கார் பேட்டரி தேடி ஓடிய அந்த இரவின் பாடம் இது.

இதனால் விபத்தே நடக்காது என்று அர்த்தமா? அப்படி யாரும் சொல்ல முடியாது. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதும் தனி விவாதம். இந்த ஏற்பாடுகள் எதற்காக என்றால், நிலைமை கெட்டுப்போனாலும் அது மெதுவாகக் கெட வேண்டும், உள்ளேயே அடங்க வேண்டும் என்பதற்காக. சுருக்கமாகச் சொன்னால், குளிர்விப்பது நேரத்தைச் சம்பாதித்துத் தருகிறது. அந்த நேரம் யாருக்கு? உள்ளே வேலை செய்பவர்களுக்கும், வெளியே இருக்கும் நமக்கும்.

கிடைத்த நேரத்தில் நாம் என்ன செய்வது?

த்ரீ மைல் ஐலண்டில் மூன்றாம் நாள், ஐந்து மைலுக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று ஆளுநர் அறிவித்தார். அதற்குள் முன்னுக்குப் பின் முரணான தகவல்கள் பரவிவிட்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். ஃபுகுஷிமா சமயத்தில் சீனாவில் மக்கள் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தார்கள். சமையல் உப்பில் இருக்கும் அயோடின் இதற்குப் போதவே போதாது. அன்று வாட்ஸ்அப் இவ்வளவு பரவலாகவும் இல்லை. இன்று ஒரு பொய்த் தகவல் எவ்வளவு வேகத்தில் போகும் என்று நமக்கே தெரியும்.

உலைக்குள் தண்ணீருக்கு வழி அடைபடுவது போல, வெளியே சரியான தகவலுக்கு வழி அடைபடக் கூடாது. அதற்கு நம் பங்கு இவ்வளவுதான்:

1. முன்பே தெரிந்து வைத்திருங்கள். அணுமின் நிலையத்திலிருந்து 16 கி.மீ. தொலைவு வரை அவசரகாலத் திட்டம் வகுக்கப்பட்டிருக்கும். வெளியே உள்ள மக்களுக்கான நடவடிக்கைகளை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான நிர்வாகம் மேற்கொள்ளும். நீங்கள் அந்த எல்லைக்குள் இருந்தால், கூட வேண்டிய இடம் எது, போக வேண்டிய வழி எது என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஒத்திகை நடந்தால் கலந்துகொள்ளுங்கள். “சும்மா டிரில்தானே” என்று ஒதுங்க வேண்டாம். எங்கே குழப்பம் வருகிறது என்பது ஒத்திகையில்தான் தெரியும்.

3. ‘உள்ளே இருங்கள்’ என்று அறிவித்தால் உள்ளேயே இருங்கள். கதவு, ஜன்னலை மூடுங்கள். வெளிக்காற்றை இழுக்கும் மின்விசிறி, ஏசியை அணையுங்கள். குடிநீரையும் உணவையும் மூடி வையுங்கள். பயந்துபோய் எல்லோரும் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு வந்தால், உண்மையிலேயே வெளியேற வேண்டியவர்கள் நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள்.

4. அயோடின் மாத்திரையை அறிவுறுத்தல் இல்லாமல் சாப்பிடாதீர்கள். அது தைராய்டு சுரப்பியைக் கதிரியக்க அயோடினிலிருந்து மட்டும் காக்கும். சரியான நேரத்தில் எடுத்தால்தான் பலன். மற்றக் கதிரியக்கப் பொருள்களுக்கு அது மருந்தல்ல.

5. வெளியேறச் சொன்னால் தாமதிக்காதீர்கள். ஆதார், ரேஷன் கார்டு, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், மொபைல் சார்ஜர் ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும். தனியாக வசிக்கும் பெரியவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

6. வந்த செய்தியை அப்படியே ஃபார்வர்டு செய்யாதீர்கள். மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு, வானொலி, அரசின் அதிகாரபூர்வப் பக்கங்கள் ஆகியவற்றை மட்டும் நம்புங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ செயலியும், தமிழ்நாடு அரசின் ‘டிஎன் ஸ்மார்ட்’ செயலியும் பேரிடர் எச்சரிக்கைகளை மொபைலுக்கே அனுப்பும்.

இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் ஒரே ஒரு வேலை. மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. புயலோ வெள்ளமோ வேறு எந்தப் பேரிடரோ வந்தாலும் இதே எண்கள்தான். இரண்டையும் இப்போதே உங்கள் மொபைலில் சேமித்துவிடுங்கள். வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்கள் இருந்தால், சுவர்க் காலண்டரில் எழுதிக் கொடுங்கள்.